நித்யாவின் கை அளவு

கடைக்குள் நுழைவதற்கு முன் சண்முகசுந்தரி எதிர்ப்பக்கம் பழக்கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் நின்றாள். திருநெல்வேலி ஜங்ஷனில் மேம்பாலத்தை ஒட்டிய தெருவில் இருந்தது அந்த விளையாட்டுச் சாமான் கடை. வாசலில் கிரிக்கெட் மட்டைகள் தொங்கின. உள்ளே ஒரு கண்ணாடி அலமாரியில் துப்பாக்கிகள் இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. கடையில் இருந்த இரண்டு ஆண்கள் பந்து வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே போனாள்.

கடைக்காரர் ஞானையா எழுபதை நெருங்கியவர். தினத்தாளை மடித்து வைத்துவிட்டு, "வாங்கம்மா, என்ன வேணும்?" என்றார்.

"ஒரு கைத்துப்பாக்கி வேணும் அண்ணாச்சி."

அவர் முகம் மாறியதைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்: "குறி பாத்துச் சுடுததுக்கு. குடும்பத்தோட."

"அப்படிச் சொல்லுங்க" என்று அவர் மூச்சுவிட்டார். "நெசத் துப்பாக்கின்னா நம்மகிட்ட கெடையாது. அதுக்கு லைசென்ஸ் வேணும், எதுக்கு எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பாவ. நீங்க கேக்கது காத்துத் துப்பாக்கி. ஆதார் நகல் குடுத்தா போதும். குடும்பத்துல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"ஸாரும் நீங்களுமா?"

"நானும் எம் பொண்ணும். அவளுக்குப் பதினஞ்சு வயசு. ஏற்கெனவே கிளப்புல சுடுதா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

குடும்பத்தோட என்ற வார்த்தை அவளுடையதில்லை. போன மாதம் அவளுடைய முன்னாள் கணவர் குற்றாலலிங்கம் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தார். தச்சநல்லூரில் பம்புசெட் கடை வைத்திருப்பவர். படத்தில் அவரும், அவருடைய இரண்டாவது மனைவி விஜயஸ்ரீயும், நடுவில் நித்யாவும் காதுகளைப் பெரிய மூடிகளால் மூடிக்கொண்டு நின்றார்கள். நித்யா கையில் ஒரு கறுப்புத் துப்பாக்கி. கீழே 'ஃபேமிலி சண்டே' என்று எழுதியிருந்தது. சண்முகசுந்தரி அந்தப் படத்தை அன்றைக்குப் பதினைந்து இருபது தடவை பார்த்தாள். மறுநாள் அது மறைந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீதிமன்றத்தில் மகளிடம் யாரோடு இருக்கிறாய் என்று கேட்டார்கள். நித்யாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவோடு என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு மாதத்தில் ஒரு நாள் கிடைத்தது: இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை. அந்த எட்டு மணி நேரத்தில் இருவரும் சாப்பிடுவார்கள், டிவி பார்ப்பார்கள். முதல் வருஷம் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனார்கள், பிறகு அதுவும் குறைந்துவிட்டது. நித்யா போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச எடுத்த விஷயமெல்லாம் பதினோரு மணிக்கே தீர்ந்துபோகும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் சண்முகசுந்தரிக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைக்குப் பிடித்ததைத் தானும் கற்றுக்கொண்டால் அந்த நாளில் சேர்ந்து செய்ய ஒன்று இருக்கும்.

ஞானையா ஒரு பச்சைத் துணியை விரித்து மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். "கையில எடுத்துப் பாருங்க. ஒண்ணு சொல்லிருதேன். உள்ள குண்டு இல்லன்னு தெரிஞ்சாலும் இருக்குன்னே நெனைக்கணும். குழல் எப்பவும் செவத்தப் பாத்துத்தான் இருக்கணும். ஆள் பக்கம் திரும்பவே கூடாது."

முதலாவது ஸ்பிரிங் வைத்தது. குழலைக் கீழே மடக்கி நிமிர்த்த வேண்டும். இரண்டாவதற்குச் சின்னச் சின்னக் கேஸ் குப்பிகள் வேண்டும், தீரத் தீர வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவதில் மேல்பாகத்தைத் திறந்து ஒரு தடவை அழுத்தி மூடினால் அந்த ஒரு சுடுதலுக்கான காற்று உள்ளே அமுங்கிக்கொள்ளும்.

"புதுசா ஆரம்பிக்கவங்களுக்கு இதுதாம்மா தோது" என்று மூன்றாவதைத் தொட்டார். "துள்ளாது. கை என்ன தப்பு பண்ணுதோ அதை அப்படியே காட்டிக்குடுத்துரும். நம்ம தப்பு நமக்குத் தெரியணும்லா?" பிறகு அதன் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். "இது ரெண்டு அளவுல வரும். உங்க கைக்குச் சின்னது சரியா இருக்கும். பொண்ணு கை எப்படி?"

சண்முகசுந்தரி தன் கையை விரித்துப் பார்த்தாள். "என் கையாட்டம்தான் இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

கடைசியாக நித்யாவின் கையைப் பிடித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். போன மாதம் வந்தபோது சாப்பாடு பரிமாறினாள், துண்டு எடுத்துக் கொடுத்தாள். கையைப் பிடிக்கவில்லை. அதற்கு முந்தின மாதமும் இல்லை. ஆனித் திருவிழாவின்போது ரத வீதியில் வளையல் வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"வளையல் ரெண்டே கால் அளவு போடுவா அண்ணாச்சி. எனக்கும் அதேதான்."

ஞானையா சிரித்துவிட்டார். "வளையல் அளவ வச்சுத் துப்பாக்கி வாங்குத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்."

அவளும் சிரித்தாள். ஆனால் முடிவில் அவள் எடுத்தது முதலாவதை. படத்தில் நித்யா கையில் இருந்ததும் இதே மாதிரி கறுப்பாக, கனமாக இருந்தது. பிள்ளை வந்து பார்த்தால் இதுதான் அசல் என்று நினைப்பாள். "இது துள்ளும்மா, வேண்டாம்" என்று ஞானையா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணுக்குப் போடும் கண்ணாடியும், குண்டு டப்பாவும், கறுப்பு வட்டம் போட்ட குறித்தாள் கட்டும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

சண்முகசுந்தரி பாளையங்கோட்டை மகாராஜநகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். கீழே வீட்டுக்காரி அன்னத்தாய், மேலே இவள், அதற்கு மேலே மொட்டை மாடி. பத்து மீட்டர் தூரத்தில் நின்று சுட வேண்டும் என்று ஞானையா சொல்லியிருந்தார். அளக்க வீட்டில் ஒன்றும் இல்லை. இரண்டு சேலைகளை எடுத்து முனைக்கு முனை வைத்து மாடியில் விரித்தாள். பதினொரு மீட்டர் வந்தது. ஓர் எட்டு முன்னால் வந்து அங்கே சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். எதிரே தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, அதற்கு முன்னால் ஒரு தகரப் பெட்டியை வைத்துக் குறித்தாளை ஒட்டினாள்.

முதல் நாள் குழலை மடக்கவே முடியவில்லை. தொடையில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்து, ஒருவழியாக மடங்கியது. விசையை அழுத்தியதும் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறியது. குண்டு தாளில் படவில்லை, பெட்டியில் படவில்லை, மேல் சாக்கில் போய்ப் புதைந்திருந்தது. நான்கு நாளில் உள்ளங்கை கன்றிப்போனது. ஊசி பிடிக்கிற கை அது.

அவள் வேலை ரத்தம் எடுப்பது. பரிசோதனை நிலையத்திலிருந்து காலை ஐந்தரைக்கே ஸ்கூட்டரில் கிளம்பி, வெளியே வர முடியாத வயசாளிகள் வீட்டுக்குப் போய் எடுத்து வருவாள். நரம்பு தெரியாத கை, சுருங்கிப்போன கை, நடுங்குகிற கை என்று தினமும் இருபது பேர். "சுந்தரி வந்தா ஒரே குத்துதான்" என்று பேர் வாங்கியிருந்தாள். பத்து மணிக்கு மேல் நிலையத்தில் உட்கார்ந்து வேலை. நாலரைக்கு வீடு. அதற்குப் பிறகு பேசுவதற்கு ஆள் கிடையாது. கீழ் வீட்டில் ஏழு மணிக்குத் தொடர் நாடகம் ஓடும். அந்த நாடகத்தில் வருகிறவர்கள் யாருடைய முகத்தையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள், யார் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பதெல்லாம் சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் அன்னத்தாய் மாடி ஏறி வந்தாள்.

"மேல என்னம்மா டப்பு டப்புனு கேக்கு?"

சண்முகசுந்தரி காட்டினாள். அன்னத்தாய் இரண்டடி பின்னால் போனாள். "தனியா இருக்க பொம்பளைக்கு இது எதுக்கு?"

"எம் பொண்ணு வந்தா ரெண்டு பேரும் சுடுததுக்கு."

"வந்தான்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அன்னத்தாய் இறங்கிப் போனாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனாலும் சண்முகசுந்தரிக்கு அன்று அதற்கு மேல் சுட மனசில்லை.

சனிக்கிழமை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மறுபடி ஞானையாவிடம் போனாள். அவர் அவளுடைய உள்ளங்கையைப் பார்த்ததுமே பெட்டியை வாங்கிக்கொண்டார். "அன்னைக்கே சொன்னேன்லா? மகளுக்குப் பெருசாத் தெரியணும்னு வாங்கினா இப்படித்தான். உங்களுக்குன்னு வாங்குங்க." துள்ளாத அந்த மூன்றாவதை எடுத்துக் கொடுத்தார். கைப்பிடிக்குள் அவள் விரல்கள் சரியாகப் போய் உட்கார்ந்தன. ஒரு கண்ணை மூட வேண்டாம் என்றார். கறுப்பு வட்டத்தைப் பார்க்காமல் குழல் நுனியில் இருக்கும் சின்ன மேட்டைப் பார்க்கச் சொன்னார். "வட்டம் மங்கலா இருக்கட்டும். பைய அழுத்துங்க. எப்ப வெடிக்கும்னு உங்களுக்கே தெரியக் கூடாது."

அது அவளுக்குத் தெரிந்த வேலைதான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, கையை மறந்துவிட்டு நுனியை மட்டும் பார்ப்பது, அவசரப்படாமல் அழுத்துவது. ஒரு வாரத்தில் குண்டுகள் எல்லாம் தாளுக்குள் வந்தன. இரண்டாவது வாரம் கறுப்பு வட்டத்துக்குள் பாதி விழுந்தன. ஐந்து மணிக்கு மாடி ஏறினால் வெளிச்சம் மங்கும்வரை நிற்பாள். அந்த நேரத்தில் நித்யாவைப் பற்றியோ நீதிமன்றத்தைப் பற்றியோ ஒரு நினைப்பும் வராது. சுட்டு முடித்துத் தாளைக் கையில் எடுத்த பிறகுதான் எல்லாம் திரும்ப வரும். தாளின் ஓரத்தில் தேதி போட்டு அலமாரியில் வைத்தாள், நித்யாவிடம் காட்ட.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின நாள் போன் வந்தது.

"அம்மா, நாளைக்கு வர முடியாதும்மா. மதுரைல மேட்ச் இருக்கு."

"சுடுத மேட்சா?"

"ஆமா."

"நல்லா சுடு. மூச்ச..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். நேரில் காட்டலாம் என்று இருந்தது. "போயிட்டு வா. பாத்துப் போ."

அந்த ஞாயிறு சண்முகசுந்தரி காலையிலும் சுட்டாள், மாலையிலும் சுட்டாள். சாயங்காலம் நித்யாவுக்கு 'எப்படி இருந்துச்சு?' என்று அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அவள் வரும் அடுத்த ஞாயிறுக்கு ஒரு மாதம் இருந்தது. நவம்பர் முதல் வாரம் நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்கினாள். ஞானையாவிடம் போனில் சொன்னபோது அவர் நம்பவில்லை. தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். "எம்மா, நீங்க கிளப்புல சேருங்க" என்று பதில் வந்தது. இதைச் சொல்ல அவளுக்கு வேறு யாரும் இருக்கவில்லை.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு பத்து மணிக்குக் குற்றாலலிங்கத்தின் கார் தெருமுனையில் நின்றது. அவர் இறங்கவில்லை, இறங்குவது வழக்கமும் இல்லை. நித்யா பையை மாட்டிக்கொண்டு படியேறி வந்தாள். போன தடவையைவிட உயரமாகத் தெரிந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

சண்முகசுந்தரி தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தாள். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். நித்யா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அங்கே யாரும் சொதி வைப்பதில்லை என்றாள். சண்முகசுந்தரி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தன்னுடையதைவிட நீளம். கைப்பிடி சின்னதாகப் போய்விடுமோ என்று நினைத்தாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவி வந்ததும், "உனக்கு ஒண்ணு காட்டட்டா?" என்று கேட்டாள். அவளுக்கே தெரிந்தது, குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். தாள்களையும் எடுத்து வைத்தாள்.

நித்யா பெட்டியைப் பார்த்தாள். மேலே இருந்த தாளைப் பார்த்தாள். "இது யாரு சுட்டது?"

"நான்தான். மாடில வச்சு. ரெண்டு மாசமாச் சுடுதேன். பிடிச்சுப் பாரு, உன் கைக்குச் சரியா இருக்கான்னு. நம்ம ரெண்டு பேருக்கும்தான் வாங்கினேன்."

நித்யா கையை நீட்டவில்லை. நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"நீயுமாம்மா?"

"என்ன நீயும்?"

"நான் விட்டுட்டேன்மா. மதுரைக்குப் போயிட்டு வந்த பெறவு நான் போறதே இல்ல."

சண்முகசுந்தரி பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். நித்யா மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு மொதல்ல இருந்தே பிடிக்காது. எல்லாரும் பின்னால நின்னுட்டுப் பாப்பாங்க. ஒவ்வொரு குண்டுக்கும் நான் திரும்பி அப்பா மூஞ்சியப் பாப்பேன். நல்லா விழுந்துச்சுன்னா சிரிப்பாரு. அதுக்குத்தான் சுட்டேன். மதுரைல ஒண்ணுமே விழல. திரும்பி வரும்போது அப்பா கார்ல ஒரு வார்த்த பேசல. கோவில்பட்டில சித்தி காபி குடிக்கலாம்னாங்க. நிப்பாட்டவே இல்ல. திருநெல்வேலி வரைக்கும் அப்படியே வந்தோம். நான் வாந்தி வருதுன்னு கூடச் சொல்லல."

"இப்ப பேசுதாரா?"

"பேசுதாரு. ஆனா தினமும் கேக்காரு, எப்ப திரும்ப ஆரம்பிக்கப் போறன்னு. ராத்திரி படுத்தா எனக்கு அந்தத் தாளுதான் தெரியுது. தூக்கமே வர மாட்டேங்கு." அவள் பெட்டியைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளினாள். "இங்க வந்தாவது இது இருக்காதுன்னு நெனச்சேன்."

சண்முகசுந்தரி பெட்டியை மூடினாள். அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தாள்களை அடுக்கி அதன் பக்கத்தில் வைத்தாள். "சரி, வேண்டாம்" என்றாள். குரல் எப்போதும்போல்தான் இருந்தது.

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு வருத்தம்?"

"எனக்காகத்தான வாங்குன? ரெண்டு மாசமாச் சுட்டிருக்க."

"அது கெடக்கட்டும் பிள்ள."

"நீ எப்பவும் இப்படித்தாம்மா." நித்யா கோபமாகச் சொல்லவில்லை. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோலச் சொன்னாள். "கோர்ட்டுல அந்த ஜட்ஜம்மா எங்கிட்ட கேட்டாவல்லா, யாருகூட இருக்கன்னு. நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். உம் பேரச் சொன்னா அப்பா அழுவாரு. அப்பா பேரச் சொன்னா நீ அழமாட்ட. அதான் அப்பான்னு சொன்னேன்."

மூன்று வருஷமாக சண்முகசுந்தரி கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. பதில் என்னவாக இருக்கும் என்று விதவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் வீடு பெரிது, கார் இருக்கிறது, தான் காலையிலேயே கிளம்பிப் போய்விடுகிறவள், ஒருவேளை தன்னைப் பிடிக்கவே பிடிக்காதோ என்றுகூட. இப்படி ஒன்றை அவள் நினைத்ததில்லை.

அன்றைக்கு நீதிமன்றத்திலிருந்து நேராக வேலைக்குத்தான் போனாள். மதியத்துக்கு மேல் நான்கு பேருக்கு ரத்தம் எடுத்தாள். ஒருவருக்கும் இரண்டாவது தடவை குத்த வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டாள். அன்று நான் அழுதேன் என்று இப்போது சொல்லிவிடலாம். ஆனால் அது பொய்.

நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு அழத் தெரியலட்டி. சின்னதுல இருந்தே அப்படித்தான். அழலைன்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் கெடையாது."

"இப்ப தெரியும்மா. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசுல்லா."

சண்முகசுந்தரி மேஜை மேல் இருந்த மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நித்யா இழுத்துக்கொள்ளவில்லை. நகங்களைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கி வைத்திருந்தாள்.

"இப்ப என்ன செய்யலாம் சொல்லு. டவுனுக்குப் போவமா? அல்வா வாங்கித் தாரேன்."

"ஒண்ணும் செய்யாண்டாம். தூங்கட்டாம்மா?"

"தூங்கு."

நித்யா அம்மாவின் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் மூச்சு மாறிவிட்டது. சண்முகசுந்தரி மின்விசிறியைக் குறைத்து வைத்தாள். பாத்திரம் கழுவினால் சத்தம் கேட்கும் என்று அப்படியே போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மழை வருவதுபோல் இருட்டி, வராமலே போனது. மூன்று மணி ஆனது. நாலு ஆனது. நித்யா ஒரே ஒரு தடவை புரண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். தூங்கும்போது முகம் பழைய முகமாக, நாலு வயசு முகமாக இருந்தது. எட்டு மணி நேரத்தில் பாதி இப்படிப் போகிறதே என்று நினைத்தாள். எழுப்பினால் பேசிக்கொண்டாவது இருக்கலாம் என்றும் நினைத்தாள். எழுப்பவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குற்றாலலிங்கத்தோடு அவள் நேராகப் பேசி மூன்று வருஷம் ஆகிறது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பிள்ள தூங்குதா. ஆறு மணிக்கு எழுப்ப எனக்கு மனசில்ல. ஏழு மணிக்கு வாங்க."

கோர்ட்டு சொன்ன நேரம் என்று ஆரம்பிப்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"தூங்குதாளா?" என்றார். "இங்க சரியாத் தூங்கவே மாட்டேங்கா." பிறகு, "ஏழரைக்கு வாரேன்" என்று வைத்துவிட்டார்.

ஏழு மணிக்கு நித்யா தானாக எழுந்தாள். விளக்குப் போட்டிருப்பதைப் பார்த்துப் பதறி, "அப்பா?" என்றாள். "ஏழரைக்குத்தான் வருவாரு. நான் பேசிட்டேன்" என்றதும் மறுபடி தலையணையில் தலையைப் போட்டுக்கொண்டாள். "நீ பேசுனியா?" என்று கேட்டுச் சிரித்தாள். காபி போட்டுக் கொடுத்ததைப் படுத்த மேனிக்கே குடித்தாள்.

அன்று குற்றாலலிங்கம் காரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து, இறங்கியும் நின்றார். நித்யா மேலே சொதியை டப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சண்முகசுந்தரி முன்னாலேயே கீழே வந்துவிட்டாள்.

"பிள்ள எதுவும் சொன்னாளா சுந்தரி?"

"மதுரையப் பத்திச் சொன்னா."

"நான் அவள ஒரு வார்த்த திட்டல."

"திட்டலன்னுதான் சொன்னா. கோவில்பட்டில நிப்பாட்டலைன்னும் சொன்னா."

அவர் கார் டயரைப் பார்த்தார். "பேசாம இருக்கதுல நீயும் லேசுப்பட்ட ஆளில்ல."

"அதையும் சொன்னா."

நித்யா டப்பாவோடு இறங்கி வந்தாள். அம்மாவின் தோளில் ஒரு நொடி நெற்றியை வைத்துவிட்டுக் காரில் ஏறினாள். கார் திரும்பிப் போனது. அன்னத்தாய் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகசுந்தரி மேலே போய் மத்தியானத்துப் பாத்திரங்களைக் கழுவினாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் மொட்டை மாடிக்குப் போகவில்லை. நாலரைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் ஏழு மணி நாடகம் வரை அப்படியே இருந்தாள். இருட்டினதும் விளக்குப் போடக்கூட எழவில்லை. மூன்றாம் நாள் துப்பாக்கிப் பெட்டியைப் பையில் வைத்து ஸ்கூட்டரில் கிளம்பினாள். ஞானையாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாராவது குடும்பத்தோடு சுடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். வண்ணாரப்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஒரே நெரிசல். வண்டி நகரவில்லை. கீழே தாமிரபரணியில் செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டால் ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வோம் என்று யோசித்தாள். நித்யாவுக்காகத்தான் ஆரம்பித்தாள், அது உண்மை. ஆனால் நித்யா ஞாபகமே இல்லாமல் நின்ற நேரமும் அந்த மாடியில்தான் இருந்தது. பாலத்தைக் கடந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

டிசம்பரில் நித்யா வந்தபோதும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினாள். சண்முகசுந்தரி இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போய்ச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மணிவாக்கில் நித்யா முகம் கழுவாமலே ஏறி வந்தாள். கோட்டுக்குப் பின்னால், படிக்கட்டு மேடையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். துப்பாக்கியைத் தொடவில்லை. தாளில் எத்தனை விழுந்தது என்றும் கேட்கவில்லை. ஏழெட்டுக் குண்டு போன பிறகு, "வலது தோள் மேல ஏறுதும்மா" என்றாள்.

சண்முகசுந்தரி தோளை இறக்கிக்கொண்டு சுட்டாள்.

"ம்" என்றாள் நித்யா.

ஆறு மணிக்குக் கீழே ஹாரன் கேட்டது. நித்யா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளைக் கார்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு சண்முகசுந்தரி திரும்ப மாடிக்கு வந்தாள். டப்பாவில் எடுத்து வைத்ததில் இன்னும் ஐந்து குண்டு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டில் போய் நின்றாள்.